படுகளத்தில் முதல் ஆள்

எலந்தக்குழி அரியமுத்துவைப் போல விழுவதற்கு இந்தப் பூமியில் இன்னோர் ஆள் இனிமேல்தான் பிறந்து வர வேண்டும். ஜெயங்கொண்டத்தில் பஸ் ஏறி, முந்திரிக்காடு முடிகிற இடத்தில் இறங்கி, எதிரில் வருகிறவர் யாராக இருந்தாலும் கேட்டுப் பார்க்கலாம். அவர் கையிலிருக்கும் சாமானைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, "இப்புடி நிப்பாரு, நின்ன வாக்குல வெட்டுன பனையாட்டம் சாய்வாரு" என்று செய்து காட்டக் கிளம்புவார். கால்வாசி சாய்வதற்குள் பயந்து நிமிர்ந்துவிடுவார். முழுசாகச் செய்து காட்டியவர் எவரும் இல்லை.

ஊர் வழக்கம் அப்படி. ஒவ்வொரு சித்திரையிலும் திரௌபதி அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் பாரதம் படிப்பார்கள். கடைசி நாள் காலையில் படுகளம். கோயிலுக்கு முன்னால் துரியோதனனைக் களிமண்ணில் மல்லாக்கப் படுக்கவைத்துச் செய்திருப்பார்கள். மீசைக்கு மட்டும் மூன்று வண்டி மண் பிடிக்கும். அவன் காலடியில் மணல் பரப்பி, போரில் மாண்டவர்களாக ஊர்க்காரர்கள் ஐந்து பேர் அதில் விழுவார்கள். ஐவரையும் ஒரே வெள்ளைத் துணியால் மூடிவிட்டு, பெண்கள் மாரடித்து அழுவார்கள். பிறகு பூசாரி அம்மன் பேரைச் சொல்லி மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். முதலில் விழுந்தவர் முதலில் எழ வேண்டும்; அவருக்குப் பின்னால் மற்ற நால்வரும். அவர்கள் எழுந்த பிறகுதான் சாயங்காலம் தீமிதி.

இதில் இரண்டு கட்டுப்பாடு உண்டு. விழுந்தவர் வாய் திறக்கக் கூடாது, செத்தவன் பேசுவானா? அம்மன் எழுப்புகிறவரைக்கும் வேறு யாரும் அவரைத் தொடவும் கூடாது. தொட்டால் அந்த வருஷம் ஏரி நிரம்பாது. அந்தக் காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான், படுத்துக் கிடந்தவர் காதில் ஏறிய எறும்பைத் தட்டிவிடப் போய், ஏழு வருஷம் மழையே இல்லாமல் ஏரித் தவளைகளுக்கு நீச்சல் மறந்துபோனதாம்.

மற்ற நான்கு பேரும் விழுவதாகப் பேர்தான். முதலில் முட்டி போடுவார்கள், அப்புறம் கையை ஊன்றுவார்கள், அப்புறம் புது மாப்பிள்ளை மெத்தையில் சாய்கிற மாதிரி ஒரு சாய்வு. அரியமுத்து அப்படியல்ல. முட்டி மடங்காது, கண் மூடாது, நின்றது நின்றபடி முதுகுப்பக்கமாகப் போவார். அறுபத்தொன்றில் அவர் விழுந்த அதிர்ச்சியில் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுரப் புறாக்கள் கிளம்பிப் பறந்தவை பொழுது சாயும்வரை உட்காரவில்லை. எட்டு மாதக்காரி ஒருத்தி கூட்டத்திலேயே பிள்ளை பெற்றாள். அந்தப் பிள்ளை இப்போது கும்பகோணம் பஸ்ஸில் கண்டக்டர். இன்றைக்கும் டிரைவர் பிரேக் போட்டால் அவனுக்குத் தூக்கிவாரிப் போடும்.

முப்பத்தெட்டு வருஷம் அப்படி விழுந்தார். கோயிலில் முதல் திருநீறு அவருக்கு. கல்யாணப் பந்தலில் முதல் வெற்றிலை அவருக்கு. எல்லாம் அந்த ஒரு விழுகைக்காக. முதல் ஆளால் முடியாமல் போனால் இடம் இரண்டாம் ஆளின் வீட்டுக்குப் போகும், போனால் திரும்பாது. இரண்டாம் ஆள், பங்காளி கொளஞ்சி. அரியமுத்துவை விடப் பதினான்கு வயது இளையவன். இருபது வருஷமாக, அண்ணனுக்கு ஒரு தும்மல் வந்தாலும் தெருக்கோடியிலிருந்து நலம் விசாரிக்க ஓடிவருகிறவன்.

அப்பேர்ப்பட்ட அரியமுத்து, எண்பத்திரண்டாம் வருஷம், தம்முடைய எழுபத்திரண்டாம் வயதில், தரையைக் கண்டு நடுங்கினார்.

ஐப்பசி அடைமழையில்தான் ஆரம்பம். கரிசல் வரப்பில் நடந்துகொண்டிருந்தவருக்குக் களிமண் வழுக்கி, ஒரு கால் அரியலூர்ப் பக்கமும் இன்னொரு கால் பெரம்பலூர்ப் பக்கமும் போனது. சேற்றில் மல்லாந்து கிடந்தார். ஒன்றும் முறியவில்லை. பார்த்த சாட்சி ஓர் எருமை மட்டும்தான். அதுவும் வெளியில் சொல்லவில்லை. ஆனால் எழுந்து உட்கார்ந்தவர் வெகுநேரம் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அத்தனை வருஷமும் அவர் விழ நினைத்த நேரத்தில் விழுந்தவர். அவரைக் கேட்காமல் அவர் உடம்பு விழுந்தது அன்றுதான் முதல் தடவை.

அதை மறந்துகூட இருப்பார். தங்கசாமியைப் பார்க்கப் போனதுதான் வினை. தங்கசாமி படுகளத்தில் மூன்றாம் ஆள். முன்னெல்லாம் அவர் ஏறினால் வண்டிமாடு திரும்பிப் பார்க்கும், அவ்வளவு சரீரம். வைகாசியில் கொல்லைப்பக்கப் படியில் வழுக்கி இடுப்பு முறிந்தது. அரும்பாவூர்ப் பக்கத்து வைத்தியர் மூங்கில் பத்தையும் முட்டை வெள்ளையும் வைத்துக் கட்டிப் பார்த்தார். டவுன் டாக்டர் படம் பிடித்துப் பார்த்தார். இந்த வயதில் இந்த எலும்பு சேராது என்று இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்.

"வா அரியமுத்து. பாத்து வா, படி இருக்குது" என்றார் தங்கசாமி கட்டிலிலிருந்து.

"இந்தப் படியா?"

"அதேதான். ஒண்ணரைச் சாண். மரத்துல ஏறி வுழுந்தனா, கெணத்துல வுழுந்தனா? காலு கழுவ எறங்குனேன்."

அரியமுத்து உட்கார்ந்தார். கயிற்றுக் கட்டில் தங்கசாமியை விழுங்கிவிட்டிருந்தது. வலது பாதம் மட்டும் தனியாகச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, மற்றக் காலோடு சண்டை போட்டது மாதிரி கிடந்தது. புண்ணின் வாடை அடித்தது.

"ஒன் பின்னால முப்பது வருஷம் வுழுந்தேன், ஒரு சிராய்ப்பு கெடையாது. அங்க சாமி புடிச்சுக்குது. கொல்லப்படிக்கு எந்தச் சாமி வருது, சொல்லு?"

"நல்லாயிரும்யா."

"போய்யா. வுழுந்தது ஒரு நொடி, படுத்துக் கெடக்குறது ஏழு மாசம். முதுகுல ஈ குந்துது, ஓட்ட முடியல." அரியமுத்துவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அரியமுத்து, நீ மெதுவா நட. என்ன?"

மாசியில் தங்கசாமி போய்ச் சேர்ந்தார். அரியமுத்து அவரைப் பார்த்துவிட்டு வந்த அன்றிலிருந்தே மெதுவாக நடக்க ஆரம்பித்திருந்தார்.

எவ்வளவு மெதுவாக என்றால், அவர் அடுப்படியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் கோழி முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சோடு வெளியே வந்துவிடும். சுவரைப் பிடித்துக்கொண்டே போவார். வீட்டுச் சுவரெல்லாம் இடுப்பு உயரத்தில் அவர் கைபட்டு எண்ணெய் தேய்த்த மாதிரி பளபளத்தது. முந்திரிக்காட்டுக்குப் போவதை விட்டார். கிணற்றடிக் குளியலை விட்டார். குனிந்தால் தலை சுற்றுமோ என்று கோவணத்தைக்கூடப் படுத்துக்கொண்டே கட்டினார். நடக்க நடக்கத்தானே காலுக்கு வலு? நடக்காத கால் இளைத்தது. இளைத்த கால் ஆடியது. ஆட ஆட நடப்பதை இன்னும் குறைத்தார். மூன்று மாதத்தில் இரண்டு காலும் முருங்கைக்காய் ஆகி, வேட்டி பக்கத்து வீட்டுக்காரர் வேட்டி போலத் தொங்கியது.

தடி பிடிக்க மட்டும் மாட்டேன் என்றார். தடியைக் கொளஞ்சி பார்த்தால் அன்றைக்கே ஊர்க்கூட்டத்தைக் கூட்டிவிடுவான்.

அவர் மனைவி பொன்னாயிக்கு எல்லாம் தெரியும். ஒரு நாள் மத்தியானம், வைக்கோல் போருக்கு முன்னால் புருஷன் கைகளைத் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். அவர் சாய்ந்தார். பாதியில் முட்டி மடங்கிப் பொத்தென்று உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி கூப்பினார், மறுபடி உட்கார்ந்தார். வைக்கோலில் அவருடைய பின்பக்கம் பதினேழு குழி பறித்திருந்தது.

"என்ன பண்றீங்க?"

"வக்கோலு காஞ்சிருக்குதான்னு பாக்குறேன்."

"முதுவாலயா?"

பொன்னாயி பக்கத்தில் வந்து அவர் தலையிலிருந்த வைக்கோலை எடுத்தாள்.

"கொளஞ்சிகிட்ட வுட்டுக் குடுத்துருங்க. அவன் வுழுந்து எந்திரிக்கட்டும். நாம பாத்துட்டு வூட்டுக்கு வந்துருவோம்."

"வந்து?"

"வந்து சோறு திங்கிறது."

"ஊருல எனக்கு இருக்குறது அது ஒண்ணுதாண்டி. அதயும் வுட்டுட்டா நான் யாரு? செவுத்தப் புடிச்சிக்கிட்டு நடக்குற கெழவன்."

"அப்ப மத்தவங்களாட்டம் முட்டி போட்டு மெதுவாப் படுங்க."

"நான் முட்டி போட்டா ஊரு சிரிக்குமா சிரிக்காதா?"

"சிரிச்சா சிரிக்கட்டும். தங்கசாமி அண்ணன் கெடந்தாரே, அவரப் பாத்து எவனாவது சிரிச்சானா? எவனும் சிரிக்காமயேதான் செத்தாரு." சொல்லிவிட்டுப் பொன்னாயி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

காப்புக் கட்டுக்கு முன்னால் ஊர்க்கூட்டம் கூடியது. அரியமுத்து யாரும் வருவதற்கு முன்பே போய்த் தூணோரம் உட்கார்ந்துவிட்டார். நடந்து வருவதை ஒருத்தரும் பார்க்கவில்லை. நாட்டாமை இராமலிங்கம் தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் மூன்று ஊர் தாண்டி நாய்கள் எழுந்து நிற்கும்.

"அண்ணே, வயசு ஆவுது. இந்த வருஷமும் நீங்கதானா?"

"ஏன், அம்மனுக்கு வயசு ஆவலியா?" என்றார் அரியமுத்து.

கூட்டம் சிரித்தது. கொளஞ்சி மட்டும் சிரிக்காமல் எழுந்தான்.

"அண்ணன் நல்லாருக்கணும். அதான் எனக்கு வேண்டியது. ஆனா வூட்டு மூலைய வுட்டு நாலு மாசமா வெளியில வரல. ஒரு வார்த்தைக்குக் கேக்குறேன், இந்தத் தூண்லேருந்து அந்தத் தூணு வரைக்கும் நடந்து காட்டச் சொல்லுங்க."

"டேய் கொளஞ்சி, என்னய என்ன மாட்டுச்சந்தையிலயா புடிச்சாந்த, நடக்க வுட்டுப் பாக்குறதுக்கு? பல்லயும் புடிச்சுப் பாருடா!"

இந்தத் தடவை கொளஞ்சியும் சிரித்துவிட்டான். இராமலிங்கம் மஞ்சள் நூலை எடுத்து அரியமுத்துவின் மணிக்கட்டில் கட்டினார். காப்புக் கட்டியவர் தீமிதி முடிந்து மூன்றாம் நாள் அதை அவிழ்க்கிறவரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கட்டின நூலை அரியமுத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கூட்டம் கலைந்து கடைசி ஆள் போகிறவரை, கால் மரத்துவிட்டது என்று சொல்லி, அந்தத் தூணோரமே உட்கார்ந்திருந்தார்.

அன்று ராத்திரியெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். மகன் ராசாங்கம் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன். அவனுக்கு விழுகிறதிலும் ஆசையில்லை, எழுகிறதிலும் ஆசையில்லை.

"ராசாங்கம், கொள்ளிடத்து மணலு ஒரு லாரி கொண்டாந்து கோயிலு முன்னாடி கொட்டுறா."

"எதுக்குப்பா? ஏரி மணலு அரைச்சாண் போடுறதுதான வழக்கம்?"

"வேண்டுதல்னு சொல்லு. அம்மனுக்கு மெத்த போடுறேன்னு வேண்டிக்கிட்டன்."

ராசாங்கம் லாரி நிறையக் கொண்டுவந்து கொட்டினான். சலித்தெடுத்த மாதிரி நைசு மணல், முழங்கால் உயரம். ஊரே வந்து பார்த்து, வழக்கமில்லா வழக்கமாக இப்படி ஒரு மெத்தையா என்று அதிசயித்தது. அரியமுத்துவுக்கு நான்கு மாதத்தில் முதல் தடவையாக அன்றைக்குத் தூக்கம் வந்தது. அவ்வளவு மணலில் கோபுரத்தைத் தூக்கிப் போட்டாலும் கீறல் விழாது. இத்தனை யோசித்தவர், ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. மணலில் விழுவதற்கு முன்னால் மணலில் நடக்க வேண்டும்.

படுகளத்தன்று காலையில் வெயில் எட்டு மணிக்கே உச்சிக்கு வந்துவிட்டது. தங்கசாமி இடத்துக்கு வந்த புது ஆளையும் சேர்த்து ஐந்து பேரும் ஈர வேட்டியோடு, கழுத்தில் மாலையோடு கோயில் வாசலில் நின்றார்கள். பம்பையும் உடுக்கையும் அடித்த அடியில் துரியோதனன் மீசை விரிசல் விட்டது. முந்திய நாளிலிருந்து விரதம்; வயிற்றில் ஒன்றுமில்லை. வாசலிலிருந்து மணல்வரைக்கும் கூட்டம் நெருக்கியடித்து நின்றது நல்லதாகப் போயிற்று. ஆசீர்வாதம் செய்கிற மாதிரி அரியமுத்து ஒவ்வொரு தலையாகத் தொட்டுப் பிடித்துக்கொண்டே வந்தார். தலை கொடுத்தவர்களெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

துரியோதனன் காலோரத்து மணல் விளிம்பில் தலைகள் முடிந்துவிட்டன. நடுவுக்குப் போய் நிற்க ஏழெட்டு அடி. வலது காலை எடுத்து வைத்தார். முழங்கால்வரை உள்ளே போனது. இடது காலும் உள்ளே போனது. மறுபடி வலது காலை எடுத்தார், வரவில்லை. இழுத்தார். முருங்கைக்காய்க் கால் மணலில் மாட்டிக்கொண்டு நிற்க, உடம்பு மட்டும் திரும்பியது. கையைக் கூப்ப நேரமில்லை. எதையாவது பிடிக்கலாம் என்று பார்த்தார், வானம்தான் இருந்தது. பக்கவாட்டில் சாய்ந்து, துரியோதனனின் காய்ந்த களிமண் குதிகாலில் இடுப்பு பட, விழுந்தார்.

உள்ளே ஒன்று முறிந்தது. காய்ந்த முந்திரிக் கிளை முறிகிற சத்தம். அவர் காதுக்கு மட்டும் கேட்டது.

கூட்டம் ஓவென்று கத்தியது. "ஆத்தா தள்ளிட்டாடா! பக்கவாட்டுல தள்ளிட்டா!" முப்பத்தெட்டு வருஷத்தில் இப்படி ஒரு விழுகையைப் பார்த்ததில்லை என்று நாட்டாமை இராமலிங்கம் தாரை தாரையாகக் கண்ணீர் விட்டார். கொளஞ்சியே ஒரு கணம் வாய் பிளந்து நின்றான். பிறகு அவனும் மற்ற மூவரும் முட்டி போட்டு, கை ஊன்றி, வழக்கம்போலப் படுத்தார்கள். வெள்ளைத் துணி வந்து மூடியது.

துணிக்கு அடியில் வெளிச்சம் பால் மாதிரி இருந்தது. அரியமுத்துவுக்கு வலி இடுப்பில் தொடங்கி முந்திரிக்காடு வரைக்கும் பரவியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். கால் விரலை அசைத்துப் பார்த்தார். விரல் அசைந்தது, கால் அசையவில்லை.

மஞ்சள் தண்ணீர் விழுந்தது. பூசாரி அமிர்தலிங்கத்தின் குரல் கேட்டது: "எந்திரி! ஆத்தா வந்துட்டா, எந்திரி!"

அவர் எழவில்லை. பூசாரி இரண்டாம் தடவை தெளித்தார். மூன்றாம் தடவை குடத்தோடு கவிழ்த்தார். பம்பைக்காரர்களுக்குக் கை ஓய்ந்து, மாற்று ஆள் வந்தார்கள்.

"அண்ணே," பக்கத்திலிருந்து கொளஞ்சி கிசுகிசுத்தான், "எந்திரிண்ணே. முதுவு வேவுது."

"முடியலடா."

"வெளயாடாத."

"இடுப்பு போச்சுடா, கொளஞ்சி."

கொளஞ்சி தலையை மட்டும் இந்தப் பக்கம் திருப்பினான். "நெசமாவா? சத்தம் போட்டுச் சொல்லட்டா?"

"பேசாத. பேசுனா ஊருக்கு ஆவாது."

"இப்ப என்னா பேசிக்கிட்டா இருக்கோம், பாடிக்கிட்டா இருக்கோம்?"

வெளியே பெண்கள் அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தார்கள். பொன்னாயியும் அவர்களோடு வழக்கத்துக்காக மாரடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் துணியின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த பாதத்தைப் பார்த்தாள். ஒரு பாதம் வானத்தைப் பார்த்தது. மற்றது தனியாக வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டு கிடந்தது. தங்கசாமி கட்டிலில் கிடந்த அதே திரும்பல்.

"எந்திரிக்க மாட்டாரு!" என்று கத்தினாள். "ஐயோ, இனிமே எந்திரிக்க மாட்டாரே!"

மற்றப் பெண்களுக்கு அந்த ஒப்பாரி வரி பிடித்துப்போனது. கட்டிப்போன குரலெல்லாம் திறந்துகொண்டது. "எந்திரிக்க மாட்டாரே, எங்க ராசா எந்திரிக்க மாட்டாரே" என்று நூறு பேர் சேர்ந்து எடுத்தார்கள். பொன்னாயி, "பாட்டு இல்லடி, பாவிங்களா! காலப் பாருங்கடி!" என்று தலையிலடித்துக்கொண்டாள். அதையும் நூறு பேர் எடுத்துப் பாடினார்கள். அவள் மணலை நோக்கி ஓடினாள். நான்கு பேர் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். "தொடாதக்கா, தொட்டா ஏரி வத்திரும்." அந்த வருஷம்போல அழுகை எந்த வருஷமும் அமைந்ததில்லை என்று பிறகு வெகுநாள் பேசிக்கொண்டார்கள்.

துணிக்கு அடியில் அரியமுத்துவுக்கு அவள் குரல் தனியாகக் கேட்டது.

"அண்ணே, ஒரு மணி நேரம் ஆயிருக்கும். நாலாவது ஆளு மூத்திரம் வுட்டுட்டான். யாராச்சும் எந்திரிச்சாத்தான் இது முடியும்" என்றான் கொளஞ்சி.

"நீ எந்திரி."

"நான் மொதல்ல எந்திரிச்சா எடம் எனக்கு வந்துரும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"இருபது வருஷமா இதுக்குத்தான் காத்துக் கெடந்தேன். இப்புடி வேணாம்னு இருக்குதுண்ணே."

"அப்ப படு. சேந்து வேவலாம்."

கொளஞ்சி எழவில்லை. இன்னொரு குடம் தண்ணீர் விழுந்தது. தண்ணீரின் கனம் இடுப்பில் இறங்க, அரியமுத்துவுக்கு வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அவருக்கே அடையாளம் தெரியாத சத்தம். கொளஞ்சி அதைக் கேட்டான். துணியை உதறிக்கொண்டு எழுந்து நின்றான்.

பம்பை ஒரு கணம் நின்றது. பிறகு வெறிபிடித்த மாதிரி அடித்தது. அம்மன் முதலில் கொளஞ்சியை எழுப்பிவிட்டாள், இனி கொளஞ்சிதான் முதல் ஆள் என்று பூசாரி கூவினார். கொளஞ்சி வாய்விட்டு அழுதான். சந்தோஷம் தாங்காமல் அழுகிறான் என்றார்கள். மற்ற மூவரும் எழுந்து நிழலுக்கு ஓடினார்கள். அப்புறம்தான் அரியமுத்துவைத் தொடலாம் என்று ஆயிற்று. அதே வெள்ளைத் துணியை நாலு மூலையிலும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். போகிற வழியெல்லாம் பெண்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள், முறிந்த காலையும் சேர்த்து.

காப்பு அவிழ்க்கிறவரை எல்லையைத் தாண்ட முடியாது. மூன்று நாள் வேப்பிலைப் பற்றோடு கிடந்தார். நான்காம் நாள் ராசாங்கம் லாரியில் வைக்கோல் பரப்பித் திருச்சிக்குக் கொண்டுபோனான். அங்கே படம் பிடித்துப் பார்த்த டாக்டர், வயதைக் கேட்டார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், ராசாங்கத்தை வெளியே அழைத்துப் போய்ப் பேசினார். அந்தப் பேச்சை அரியமுத்து கேட்க வேண்டியிருக்கவில்லை. ஏற்கனவே தங்கசாமி வீட்டில் கேட்டதுதான். திரும்பி வந்துவிட்டார்கள்.

கயிற்றுக் கட்டிலில் போட்டார்கள். முதல் மாதம் ஊரே பார்க்க வந்தது. வந்தவர்கள் எலும்பைப் பற்றிக் கேட்கவில்லை, விழுகையைப் பற்றித்தான் பேசினார்கள். "என்னா வுழுவு, என்னா வுழுவு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். மணலில் கால் மாட்டியதைச் சொல்லலாம் என்று அவருக்கு வாய்வரைக்கும் வரும். அம்மன் தள்ளினாள் என்கிறவர்களிடம் மணல் தள்ளியது என்று எப்படிச் சொல்வது? அதுவும் தாமே கொட்டிய மணல். இரண்டாம் மாதம் பாதிப்பேர் வந்தார்கள். ஐந்தாம் மாதம் ஈ மட்டும் வந்தது.

இனி விழ என்ன இருக்கிறது என்று யாரும் நினைப்பார்கள். அரியமுத்துவுக்குப் பயம் அப்போதுதான் முழுசாகப் பிடித்தது. கட்டிலின் விளிம்பு மலையுச்சி போலத் தெரிந்தது. தானாக ஒரு விரற்கடைகூடப் புரள முடியாதவர், புரண்டு விழுந்துவிடுவேன் என்று கட்டில் கயிற்றை விடியவிடியப் பிடித்துக்கொண்டிருந்தார். பொன்னாயி பழைய சேலையால் அவரைக் கட்டிலோடு கட்டினாள். அவிழ்ந்துவிடும் என்று கத்தினார். ராசாங்கம் ரம்பத்தைக் கொண்டுவந்து கட்டில் காலை நாலு விரல் அறுத்தான். போதவில்லை. இன்னும் நாலு விரல் அறுத்தான். மருமகள் மலர்க்கொடி, "இப்புடியே போனா மாமாவுக்குக் குழிதான் வெட்டணும்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடைசியில் கட்டிலே வேண்டாம் என்று தரையில் பாயைப் போட்டார்கள்.

"தரையிலேருந்து எங்கப்பா வுழப்போற?" என்றான் ராசாங்கம்.

அரியமுத்து இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துத் தரையில் வைத்து அழுத்திக்கொண்டார்.

அடுத்த சித்திரையில் தூரத்தில் பம்பை கேட்டது. படுகளத்தன்று கோயிலுக்குப் போகிற வழியில் கொளஞ்சி வந்தான். ஈர வேட்டி, கழுத்தில் மாலை, மணிக்கட்டில் மஞ்சள் நூல். வாசற்படியில் கொஞ்சம் நின்றான். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வைத்தான். அப்புறம் மறு காலை வைத்தான். அப்புறம் சுவரைத் தொட்டுத் தொட்டு வந்து பாயோரம் உட்கார்ந்தான்.

அரியமுத்து அவன் கையைப் பார்த்தார். அது சுவரிலிருந்து வந்த விதத்தைப் பார்த்தார்.

"ஒனக்கும் வந்துருச்சா?"

"நீ அன்னிக்குத் துணிக்கடியில ஒரு சத்தம் போட்டியே, அன்னையிலேருந்துண்ணே." கொளஞ்சி குரலைத் தாழ்த்தினான். "வூட்டுல யாருக்கும் தெரியாது. ராத்திரியில எந்திரிச்சா தரை ஆடுது. ஒன்னாட்டம் வுழணும்னு ஊரே பாத்துக்கிட்டு இருக்குது. நான் என்ன பண்றது?"

"முட்டி போட்டுப் படு."

"மொதல் ஆளு முட்டி போட்டா சிரிப்பாங்கண்ணே." அப்புறம் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அதுக்கு ஒரு ஏற்பாடு பண்ணிட்டன். ராசாங்கத்துகிட்டச் சொல்லி ரெண்டு லாரி மணலு அடிச்சிருக்கு. இடுப்பளவு."

அரியமுத்து தலையைத் தூக்கப் பார்த்தார், வரவில்லை.

"டேய், மணலு வேணாம்டா. வாரிப்போடச் சொல்லு. அரைச்சாண் போதும். மணலுதாண்டா என்னய..."

"ஒனக்கு ஒரு லாரி, எனக்கு ரெண்டு லாரின்னா பொறுக்கலியாண்ணே?" கொளஞ்சிக்கு முகம் சுருங்கியது. "எடத்த நான் எடுத்துக்கிட்டன்னு இன்னும் மனசுல வச்சிருக்க. அத்தன பேரு முன்னாடி அழுதனே, அது பொய்யா?"

"அது இல்லடா. காலு மாட்டி வுழுந்துருவடா, கொளஞ்சி. சொல்றதக் கேளுடா."

"நல்ல நாளும் அதுவுமா வுழுவன்னு வாயால சொல்லாத" என்று கொளஞ்சி எழுந்துவிட்டான். காலைத் தொட்டுக் கும்பிட்டான். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போனான். தெருவில் கூட்டத்தைக் கண்டதும் கையைச் சுவரிலிருந்து எடுத்து, மார்பை நிமிர்த்தி இறங்கினான்.

"பொன்னாயி! ஏ பொன்னாயி! அவனப் புடிடி!"

பொன்னாயி கொல்லையில் புண்துணி அலசிக்கொண்டிருந்தாள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் பம்பை ஏறிவிட்டது. பம்பைச் சத்தத்தில் ஓடெல்லாம் கடகடத்தது. அவர் சொன்னது அவளுக்கு எட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் வாயருகே காதை வைத்தாள். அந்த நேரம் கோயில் பக்கமிருந்து கூட்டம் ஓவென்று கத்தியது.

அரியமுத்து பேச்சை நிறுத்தினார். பாய்க்கு வெளியே கைகளை நீட்டி, விரல்கள் வெளுக்கும்படி, தரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.